எண்ணூர்க் காற்றும் பைத்தான் வேகமும்

டிசம்பர் 26, எண்ணூர்

2023-இல் இதே நாள், நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து மீனவக் குப்பங்கள் வீட்டை விட்டு ஓடின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்தது. காற்றின் அளவீடு சாட்சியாகிவிட்ட இடம் இது. அந்த எண்களை அலசும் நிரல் எழுத எளிதாக இருப்பது முக்கியமா, ஓட வேகமாக இருப்பது முக்கியமா? அடுத்தவர் படித்துச் சரிபார்க்கும்படி எழுதுவதே முதல் கடமை என்பது என் கட்சி. வேகம் போதவில்லையென்றால், நிரல்மொழியை மாற்றும் முன் கணக்குப் போடும் வழியை மாற்றிப் பார்க்க வேண்டும்.

பக்கத்து மணலியின் காற்றுத் தரக் கண்காணிப்பு நிலையத்தின் 15 நிமிடச் சராசரியை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு 96 அளவீடு, ஆண்டுக்கு 35,040. பி.எம். 2.5 நுண்துகளுக்கு இந்தியாவில் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். நகரும் 24 மணி நேரச் சராசரிக்கு ஒவ்வொரு முறையும் 96 எண்ணைக் கூட்டினால் ஏறக்குறைய 33.6 லட்சம் கூட்டல். பழைய கூட்டுத்தொகையில் புதியதைச் சேர்த்து, காலாவதியானதைக் கழித்தால் 70 ஆயிரம் செயலோடு முடியும். ஆனால் கருவி ஊமையாகிப்போன மணி நேரங்களும் உண்டு. வெற்றிடத்தைப் பூஜ்யமாக எண்ணிவிட்டால் மணலிக் காற்று காகிதத்தில் சுத்தமாகிவிடும். காற்றுத் தரக் குறியீட்டு விதி குறைந்தது 16 மணி நேரத் தரவு கேட்கிறது, அதாவது 64 அளவீடு. பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் சாளர அளவையும் (எத்தனை அளவீட்டுக்குச் சராசரி என்பதை) இந்த 64-ஐயும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். விதி கண்ணுக்கு எதிரே நிற்கும். அந்த வரிக்கு அடியில் ஓடுவதோ, கம்பைல் செய்யப்பட்ட, அதே சேர்த்துக் கழிக்கும் கணக்கு. வசதியும் வேகமும் இங்கே பகையாளிகள் இல்லை.

டிசம்பர் 27

தரவு பெருத்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயம்தான். 2017 ஜனவரியில் இங்கே எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அப்படிப்பட்ட நெருக்கங்களைப் கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். அமைப்பின் பழைய பதிவுகளில் தேடுவதாக வைத்துக்கொள்வோம். 100 கப்பல் என்றால் 4,950 ஜோடி. 10 நொடிக்கு ஒரு முறை பார்த்தால் ஒரு நாளைக்கே ஏறக்குறைய 4 கோடியே 28 லட்சம் ஒப்பீடு. பைத்தான் சுழலில் ஓராண்டுப் பதிவு திணறும். உடனே சி++ என்று தாவினால் அதே வீண் ஒப்பீடுகள்தான் விரைவாக நடக்கும். கடலைக் கட்டங்களாகப் பிரித்து, பக்கத்துக் கட்டங்களில் இருப்பவற்றை மட்டும் ஒப்பிட்டால் பெரும்பாலான ஜோடிகள் கணக்குக்கே வராது. அதற்குப் பிறகும் ஓட்ட நேரத்தை அளந்து பார்த்து, எந்தச் சில வரிகள் நேரத்தைத் தின்கின்றனவோ அவற்றை மட்டும் நம்பா (Numba) என்ற பைத்தான் கம்பைலருக்கோ சி++-க்கோ கொடுத்தால் போதும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. கணினி நேரம் மலிவு என்பவர்கள் அனல்மின் நிலையச் சாம்பலைச் சுமக்கும் எண்ணூர்க் கழிமுகத்தைப் பார்க்க வேண்டும். மின்சாரத்தின் விலை இங்கே கண்ணில் தெரிகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு முறை ஓடி முடியும் அறிக்கையில் சில நொடி குறைப்பதால் ஒரு கரண்டி நிலக்கரிகூட மிஞ்சாது. 15 நிமிடத்துக்கு ஒரு முறை, ஆண்டு முழுக்க, பல நிலையங்களுக்கு ஓடும் நிரலுக்கு வேகப்படுத்தும் உழைப்பு தகும். ஆகவே எழுதும் முன் கேட்க வேண்டியவை இரண்டு: இது எத்தனை முறை ஓடும்? இதன் விடையை யார் சரிபார்ப்பார்கள்? முதலாவது வேகத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று சொல்லும்; இரண்டாவது எந்த வேகத்துக்காகவும் தெளிவை விட்டுக்கொடுக்காதே என்று சொல்லும்.