எங்களுக்கென்ன அந்தப் பனி?

ஒரு விசயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். ஆர்க்டிக் கடலில் மிதக்கிற பனி முழுவதும் நாளைக்கே உருகிப் போனாலும், அதனால் எங்கட கடல் ஒரு விரற்கடைகூட உயரப் போவதில்லை. கிளாஸ் நிறையத் தேசிக்காய்த் தண்ணி ஊற்றி ஐஸ் கட்டியைப் போட்டுப் பாருங்கள். ஐஸ் கரைந்தாலும் கிளாஸ் வழியாது. மிதக்கிற பனியும் அப்படித்தான். கடல்மட்டத்தை உயர்த்துவது கிரீன்லாந்திலும் அந்தாட்டிக்காவிலும் தரைக்கு மேல் கிடக்கிற பனி. அது வேற கதை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன செமஸ்டரில் புவியியலுக்கு ஒரு பிரசென்டேசன் செய்யவேண்டி வந்தது. துருவப் பனி என்று தலைப்புக் கொடுத்தேன். அறைத்தோழி சிரித்தாள். "ஐஸ்பெட்டிக்குள்ள தவிர வேற எங்கயடி நீ ஐஸைக் கண்டனீ? எங்களுக்கென்ன அது?" நியாயமான கேள்விதான். இதற்கு எல்லாரும் கையில் வைத்திருக்கிற பதில், கடல் வந்து எங்கட ஊரை மூடிவிடும் என்பது. கடற்பனியைப் பொறுத்தவரை அந்தப் பதில் பிழை. பிழை என்பதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. எங்கட வாசற்படிக்கு வந்தால்தான் ஒரு விசயத்துக்குப் பெறுமதி என்கிற மாதிரியல்லவா அது இருக்கிறது?

எங்களுக்கு இதிலே சொல்லும் ஒரு சிக்கல். மார்கழி விடியற்காலையில் தலையில் இறங்குவதும் பனி, வானத்திலிருந்து பஞ்சாய் விழுவதும் பனி, உறைந்துபோன கடலும் பனி. ஆகவே உறைந்த கடலைக் கடற்பனி என்றும், தரையை மூடிக்கிடப்பதைப் பனிப்போர்வை என்றும் வைத்துக்கொள்கிறேன்.

கடற்பனியைச் செய்மதிகள் 1978இன் கடைசியிலிருந்து விடாமல் பார்த்துவருகின்றன. துருவத்தில் மாசக்கணக்கில் இருட்டு, மிச்ச நாளில் முகில். சாதாரணக் கமராவால் பயனில்லை. ஆனால் பனியும் தண்ணீரும் வெளிவிடுகிற நுண்ணலைகள் வித்தியாசமானவை, முகிலையும் இருட்டையும் தாண்டி அவை மேலே வந்துசேரும். அதை அளந்துதான் நாற்பத்தைந்து வருசத்துக்கும் மேலான பதிவு சேர்ந்திருக்கிறது. ஆர்க்டிக் பனி செப்டெம்பரில்தான் ஆகக் குறைவாக இருக்கும். 1980களில் அந்த மாதச் சராசரி 70 இலட்சம் சதுர கிலோமீற்றரை ஒட்டியிருந்தது. 2012 செப்டெம்பரில் ஒரு நாள் ஏறக்குறைய 34 இலட்சத்துக்கு இறங்கியது. மொத்தமாகப் பார்த்தால் செப்டெம்பர்ப் பனி பத்தாண்டுக்கு ஏறத்தாழ 12 வீதம் என்ற கணக்கில் குறைந்துவந்திருக்கிறது. பரப்பு மட்டுமில்லை, வயசும் குறைகிறது. நாலு வருசத்துக்கு மேல் உருகாமல் கிடந்து தடித்த கிழட்டுப் பனி, 1980களின் நடுப்பகுதியில் குளிர்கால முடிவிலே மூன்றிலொரு பங்களவு இருந்தது. இப்போது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மிச்சமெல்லாம் பெரும்பாலும் போன குளிருக்கு உறைந்த மெல்லிய பனி.

எங்கட வட்ஸ்அப் குழுவொன்றில் ஒரு வீடியோ வந்தது. 2012க்குப் பிறகு புதுச் சாதனை ஒன்றும் இல்லையாம், ஆகவே எல்லாம் புளுகாம். முதற்பாதி உண்மை. ஆனால் அந்த வீடியோ விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. 2024 முடிய இருந்த செய்மதிப் பதிவில், 2007 தொடக்கம் 2024 வரையான பதினெட்டு வருசங்களும்தான் ஆகக் குறைந்த பதினெட்டு வருசங்கள். அதற்கு முந்திய ஒரு வருசம்கூட அந்தப் பட்டியலுக்குள் வரவில்லை. படியில் இறங்குகிறவன் ஒரு படியிலே கொஞ்சநேரம் நின்றால், மேலே ஏறிவிட்டான் என்று ஆரும் சொல்வோமா?

தென்துருவம் இப்படி நேர்கோட்டில் போகவில்லை, அதையும் மறைக்கக் கூடாது. அந்தாட்டிக்காவைச் சுற்றிய கடற்பனி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, 2014 செப்டெம்பரில் 2 கோடி சதுர கிலோமீற்றரைத் தாண்டியது. 2016இல் திடீரென்று விழுந்தது. 2023 செப்டெம்பரில் 1.7 கோடியையும் எட்டவில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட இலங்கைகளை அடுக்கலாம். ஏன் இப்படி என்று ஆய்வாளர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பனிப்போர்வையைப் பற்றி அவ்வளவாக ஆரும் கதைப்பதில்லை. அதன் பதிவோ இன்னும் பழையது. 1966இலிருந்து வடகோளத்துக்கு வாராவாரம் வரைபடம் இருக்கிறது. அதிலே யூன் மாதப் போர்வை, செப்டெம்பர்க் கடற்பனியைவிட வேகமாகச் சுருங்குகிறது. யூனில் அங்கே சூரியன் மறைவதே அரிது. புதுப்பனி, விழுகிற வெளிச்சத்தில் எண்பது வீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். கறுத்த கடல் பத்து வீதம்கூட அனுப்பாது, வெறும் தரை அனுப்புவதும் கொஞ்சம்தான். உச்சி வெயிலுக்குள் வெள்ளைச் சேட்டும் கறுப்புச் சேட்டும் மாதிரி. வெள்ளை கழன்றால் சூடு கூடும், சூடு கூட இன்னும் வெள்ளை கழரும்.

இந்த இலக்கங்களையெல்லாம் படித்து முடித்த பிறகுதான், தேடித் தேடி ஒரு மனுவில் போய் நின்றேன். 2005 டிசெம்பரில் ஷீலா வாட்-குளூட்டியே என்ற இனுயிற் பெண், கனடாவையும் அலாஸ்காவையும் சேர்ந்த இன்னும் 62 இனுயிற் ஆட்களோடு சேர்ந்து, அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது. ஐக்கிய அமெரிக்காவின் புகை எங்கட உரிமைகளை மீறுகிறது என்பதுதான் முறைப்பாடு. வாட்-குளூட்டியே தன் வாழ்க்கையின் முதல் பத்து வருசமும் நாய்வண்டியில் மட்டுமே பிரயாணம் செய்தவர். பிறகு எழுதிய புத்தகத்துக்கு 'குளிராய் இருப்பதற்கான உரிமை' என்ற பொருளில் பெயர் வைத்தார். வெக்கையில் ஃபான் இல்லாமல் படுக்க ஏலாத எங்களுக்கு இந்தத் தலைப்புப் பகிடி மாதிரித்தான் முதலில் படும்.

மனுவில் என்னை நிறுத்திவைத்த இடம் உருகும் வீதமில்லை. வேட்டைக்காரரின் சாட்சியங்கள். முந்தி வழியில் புயல் பிடித்தால், கிடக்கிற பனியை வெட்டி அடுக்கி இக்லு கட்டி உள்ளே இருந்துவிடுவார்களாம். அதற்கு எந்தப் பனியும் சரிவராது. காற்று இறுக்கிய, பதமான பனி வேண்டும். அந்தப் பதம் இப்போது கிடைப்பது குறைவு. ஆகவே கூடாரம் சுமந்து போகிறார்கள். கூடாரம் பாரம், குளிரும் தாங்காது. கடற்பனி அவர்களுக்கு வீதி, வேட்டைக்குப் போவதும் அதன் மேலால்தான். அது எப்போது இறுகும், எந்த இடம் மெல்லிசு என்று பெரியவர்கள் சொல்லித்தந்த கணக்குகள் பிழைக்கத் தொடங்கியிருக்கின்றன. செய்மதி ஒரு பக்கம், இவர்களின் கால்கள் ஒரு பக்கம்; இரண்டும் சொல்வது ஒன்றைத்தான். கலைப்பீடத்துக்காரிக்கு இதிலே என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு நான் காட்டக்கூடியது இந்தப் பக்கங்களைத்தான்.

2006இல் ஆணைக்குழு, தந்த தகவல் போதாது என்று மனுவை எடுக்க மறுத்தது. அடுத்த வருசம் கூப்பிட்டுக் கேட்டது, அவ்வளவுதான். தூரத்து மேசையொன்றுக்குச் சாட்சியம் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருப்பது எப்படியிருக்கும் எண்டு எங்கட ஆக்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்த மேசையிலும் ஆரோ ஒருவர் 'எங்களுக்கென்ன' என்று கேட்டிருக்கலாம்.

லாப்ரடோர் கரையில் நெயின் என்று ஓர் இனுயிற் ஊர் இருக்கிறது. 2009-10 குளிர்காலம் வழமைக்கு மாறாகச் சூடாக இருந்ததில், நம்பி நடந்த பனி உடைந்து பலர் தண்ணிக்குள் விழுந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே ஸ்மார்ட்ஐஸ் என்ற முயற்சி தொடங்கியது. பனியின் தடிப்பை அளக்கிற கருவியைச் சறுக்குவண்டியில் ஏற்றி, ஸ்நோமொபைலின் பின்னால் இழுத்துக்கொண்டு போவார்கள். இழுப்பது அந்த ஊரில் பயிற்சி எடுத்தவர்கள். எந்தப் பாதையால் இழுக்கவேண்டும் என்று முடிவெடுப்பதும் அந்த ஊர் ஆக்கள்தான்.