மெழுக்கும் பூச்சும்

தரைக்குச் செய்யும் பணியைக் குறிக்கத் தமிழில் இரண்டு வினைச்சொற்கள் வழங்குகின்றன: மெழுகுதல், பூசுதல். ஒன்றுபோலத் தோன்றினாலும் காலத்தைப் பற்றிய இருவேறு எண்ணங்கள் அவற்றுள் இருக்கின்றன. மெழுகுவது மீண்டும் மீண்டும் செய்வது. சாணம் கரைத்து மெழுகிய தரை மறுநாளோ அடுத்த வெள்ளிக்கிழமையோ திரும்பவும் மெழுகப்படும். திருவதிகை வீரட்டானத்தில் அலகிடுதலையும் மெழுகுதலையும் திலகவதியார் தம் வாழ்நாள் தொண்டாகக் கொண்டதைப் பெரியபுராணம் சொல்கிறது. ஒருமுறை மெழுகி முடித்துவிடக் கூடியதென்றால் அது தொண்டாகியிராது. பூசுவது வேறு. பூசி முடித்துவிட்டு மறந்துவிடவே எல்லாரும் விரும்புகிறோம். ‘எத்தனை ஆண்டு வரும்’ என்பது பூச்சைப் பற்றிக் கேட்கப்படும் முதற் கேள்வி. மெழுகியவளிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

இந்த வேறுபாட்டைப் பற்றி நாங்கள் யோசிக்க நேர்ந்தது ஒரு கார் ஷெட்டின் தரையை முன்னிட்டு. காவிரிப் படுகையில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் பக்கவாட்டில் ஒரு மாட்டுக்கொட்டகை இருந்தது. மாடுகள் போன பிறகு, 1994-இல், மண்தரையின் மேல் நேரடியாக நான்கு அங்குலம் கான்கிரீட் போடப்பட்டது. சில ஆண்டுகள் அங்கே நெல்மூட்டைகள் கிடந்தன. பின்னர் கார் நின்றது. தெருவிலிருந்து கொல்லைக்கும் கிணற்றடிக்கும் போகும் வழியும் அதுவே. காலப்போக்கில் தரை பொரிந்து மாவு மாவாக உதிர்ந்தது, ஆங்காங்கே குழி விழுந்தது. 2022-இல் அப்படியொரு குழியில் கால் இடறி விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மருத்துவர் சொன்னது ஒரே வாக்கியம்: இன்னொரு முறை விழக்கூடாது.

உடன்பிறந்தோர் மூவரும் கூடி, காரின் சக்கரமும் அம்மாவின் கைத்தடியும் ஒருங்கே தாங்கும்படியான தரை வேண்டும் என்று முடிவு செய்தோம். தேவை என்னவென்று சொல்வது எளிதாகவே இருந்தது. குழியற்ற தரை, ஆனால் வழுக்காத தரை. சந்தையில் இந்த இரண்டு குணங்களும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைக்காரர்கள் எல்லாரும் பரிந்துரைத்தது எபாக்ஸி. இப்பெயர் புதிதாகத் தோன்றினாலும் பொருள் நம் வீடுகளுக்குப் பழையது. இரண்டு குழாய்களிலிருந்து சம அளவு பிதுக்கி, தீக்குச்சியால் குழைத்து, உடைந்த பீங்கானை ஒட்டப் பயன்படும் அரால்டைட் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதை 1946-இல் அறிமுகப்படுத்தியது. சாதாரண வர்ணம் அதிலுள்ள கரைப்பான் ஆவியாவதால் உலர்கிறது. எபாக்ஸி அவ்வாறு உலர்வதில்லை. பிசினும் கடினமாக்கியும் ஒன்றோடொன்று வினைபுரிந்து, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்ட வலைபோல இறுகிவிடுகின்றன. இறுகியபின் அதைச் சூடாக்கி உருக்க முடியாது. எண்ணெயும் பெட்ரோலும் சிந்தினால் துடைத்துவிடலாம். இத்தனை உறுதி சாதாரண வர்ணத்துக்கு இல்லை என்பது உண்மைதான்.

அதற்கும் சில பலவீனங்கள் உண்டு. வெயில் நேராகப் பட்டால் மஞ்சளிக்கும். நெடுந்தொலைவு ஓடி வந்த காரின் சூடான டயர், தரம் குறைந்த பூச்சை இளக்கி, ஆறிச் சுருங்கும்போது அதைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் பளபளப்பின்மீது தண்ணீர் பட்டால் வழுக்கும். கடையில் மாதிரி அட்டைகளை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார்கள். நனைத்து யாரும் காட்டவில்லை. நான்கு அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, தண்ணீர் ஊற்றி, ஈரக்காலால் மிதித்துப் பார்த்தோம். மிக அழகானது முதலில் கழிந்தது. மணல் தூவி இறுகவைத்த, பார்வைக்குச் சற்று மங்கலான ஒன்று மட்டுமே காலைப் பிடித்து நின்றது.

இனி வேலையைத் தொடங்கலாம் என்று எண்ணியிருந்த 2023 சித்திரையில், ஒரு சோதனையைச் செய்துவிடச் சொன்னார் ஒரு பொறியாளர். ஒன்றரை அடிச் சதுரமாகப் பாலித்தீன் தாளை வெட்டித் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டிவிட வேண்டும். பதினாறு மணி நேரமாவது கழித்துத் தாளைப் பிரித்தால், உட்புறம் நீர்த்துளி கோத்திருக்கிறதா, தரை கறுத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். நாங்கள் ஒட்டிய தாள் காய்ந்தே இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: “ஐப்பசி வரட்டும். சித்திரையில எல்லா மண்ணும் நல்ல மண்ணுதான்.”

அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து ஆறு மாதம் காத்திருந்தோம். ஐப்பசியில், அடைமழையின் நான்காம் நாள், அதே இடத்தில் அதே அளவுத் தாளை ஒட்டினோம். மறுநாள் பிரித்தபோது குளிர்ந்த செம்பின் புறத்தில் கோப்பதுபோலத் துளிகள் கோத்திருந்தன. அடியில் தரை கருமையாக ஊறியிருந்தது.

ஓதம் என்ற சொல்லைப் படுகை மக்கள் இன்றும் புழங்குகிறார்கள். கான்கிரீட் பார்வைக்குக் கல் போலிருந்தாலும் உள்ளே நுண்துளைகள் நிரம்பியது. நிலத்தடி நீர் மேலெழும் பருவத்தில் அத்துளைகளின் வழியே, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, ஈரம் ஏறுகிறது. ஏறும்போது மண்ணிலுள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. மேற்பரப்பில் நீர் ஆவியாகிப் போக, உப்பு தங்கிப் பூக்கிறது. பூத்த உப்பு துளைகளுக்குள் படிகமாகிப் பருக்கும்போது தரையே பொரிந்து உதிர்கிறது. எங்கள் தரையின் நோய் இதுவே. அதன் வேரும் புலப்பட்டது. தலைமுறை தலைமுறையாக மாட்டின் கோமியம் ஊறிய மண் அது. கொட்டகை மண்ணில் நைட்ரேட் உப்புகள் சேர்வது இயல்பு. வெடியுப்பைப் பழங்காலத்தில் இத்தகைய மண்ணிலிருந்தே வடித்தெடுத்தார்கள்.

இப்படிப்பட்ட தரையின்மேல் எபாக்ஸி பூசினால் என்னவாகும்? ஈரம் வெளியேறும் வாயை அடைத்துவிடுகிறோம். அடைபட்ட ஈரம் பூச்சின் அடியில் தேங்கும், கான்கிரீட்டின் காரத்தோடு சேர்ந்து ஒட்டுறவை அரிக்கும், கொப்புளங்களாக எழும்பும். பூச்சு எவ்வளவு உறுதியானதோ அவ்வளவு பெரிய தகடாகப் பெயரும். பத்தாண்டு வரும் என்ற உறுதிமொழி பூச்சைப் பொறுத்தவரை பொய்யில்லை. பெயர்ந்து கிடக்கும் தகடு பத்தாண்டு கழித்தும் கெடாமல்தான் இருக்கும்.

அப்போது எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது, ஈரத்தை அடைக்காமல் தரையை மட்டும் கெட்டிப்படுத்துவது. சிலிக்கேட் கரைசலை ஊறவிட்டால் அது கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்போடு வினைபுரிந்து துளைகளுக்குள்ளேயே இறுகும். மாவாக உதிர்வது குறையும். ஈரமும் தன் வழியில் போய்வரும். செலவும் குறைவு. எந்த வீட்டுக்கும் முதலில் எண்ணிப் பார்க்கத் தக்க வழி அது. ஆனால் உப்பு நின்றுவிடாது, குழிகளும் நிரம்பிவிடாது. இரண்டாவது, அடியோடு தோண்டி எடுத்துவிட்டுத் தரையைப் புதிதாகப் போடுவது. அண்ணன் முதல் வழியையும் தங்கை இரண்டாவதையும் சொல்ல, விவாதம் சில நாள் நீண்டது. மருத்துவர் சொன்ன அந்த ஒற்றை வாக்கியமே தீர்ப்பளித்தது.

மார்கழியில் மழை ஓய்ந்ததும் பழைய கான்கிரீட்டை உடைத்து, அதன் கீழ் ஒன்றரை அடி ஆழத்துக்கு உப்பு மண்ணை வெட்டி எடுத்தோம். தரைக்குப் பகையாக இருந்த அந்த மண் தென்னைக்கு நல்ல எரு. கொல்லையில் மரத்துக்கு மரம் பிரித்துப் போட்டார்கள். பள்ளத்தைக் கிராவல் கொண்டு நிரப்பித் திமிசுக் கட்டையால் இறுக்கி, மணல் பரப்பி, அதன்மேல் கனத்த பாலித்தீன் விரிப்பை மடிப்புக்கு ஓரடி மேற்படியுமாறு விரித்து, சுவரோரத்தில் ஏற்றிவிட்டு, ஐந்தங்குலக் கான்கிரீட் போடப்பட்டது. ஓதத்தைத் தடுத்தது அந்த விரிப்புத்தான். வேலை முடிந்தபின் யார் கண்ணுக்கும் படாத பொருள் அது; கடைக்காரர் எவரும் எங்களிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை.

கொத்தனார் தெருப்பக்கமாகத் தண்ணீர் வடியும்படி வாட்டம் வைத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்ததோடு நிறுத்திக்கொண்டார். கரணையால் வழித்து வழுவழுப்பாக்க வேண்டாம் என்று கேட்டிருந்தோம். அளவுக்கு மீறி வழிக்கும்போது சிமெண்டின் பால் மேலேறி, வலுவற்ற மெல்லிய ஏடாகப் படிந்துவிடுகிறது. பூச்சு அந்த ஏட்டைத்தான் பற்றும், ஏடு தரையைப் பற்றாது. பாத்தி கட்டிப் பத்து நாள் தண்ணீர் நிறுத்தினோம். இருபத்தெட்டு நாள் கழிந்த பின்னும் அவசரப்படாமல் மாசி வரை காயவிட்டு, மீண்டும் பாலித்தீன் தாளை ஒட்டிப் பார்த்தோம். இம்முறை துளியில்லை.

பூச்சுக்கு முன் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். அதற்கு ஆசிட் ஊற்றிக் கழுவுவது மலிவான முறை. கிணறு பத்தடித் தொலைவில் இருந்ததால் அதை மறுத்து, எந்திரத்தால் தேய்க்கச் சொன்னோம். தேய்க்கும் வேலைக்கு வந்த இரண்டு இளைஞர்கள் ஒடிசாவைச் சேர்ந்தவர்கள். முகத்தில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. கான்கிரீட் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் ஆறாத வடுவாகத் தங்கிவிடுவது. தூசியை உறிஞ்சும் குழாயோடு கூடிய எந்திரம் வரும்வரை வேலையை ஒரு நாள் நிறுத்திவைத்தோம். முகமூடியும் கையுறையும் வாங்கிக் கொடுத்தோம். இறுகாத எபாக்ஸி தோலில் தொடர்ந்து பட்டால் ஒவ்வாமை உண்டாகும். ஒருமுறை உண்டானால் பிறகு சிறிதளவு பட்டாலும் தோல் வெடிக்கும். எங்கள் அம்மா விழாமலிருக்கப் போடும் தரைக்கு வேறொரு தாயின் மகன் மூச்சைக் கொடுக்க வேண்டியதில்லை.

பூசும் நாள் விடியலில் வேலை தொடங்கிற்று. பிசினோடு கடினமாக்கியைக் கலந்த கணத்திலிருந்து அது சூடாகத் தொடங்குகிறது. வெயில் ஏறினால் கைக்குள் நிற்கும் நேரம் சுருங்கும். வாளியிலேயே விட்டுவைத்தால் தன் சூட்டில் தானே வெந்து புகைந்து கட்டியாகிவிடும். கடினமாக்கியைச் சற்றுக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்ற நம்பிக்கை வேலையாட்களிடையே உண்டு. எபாக்ஸியில் அந்தக் கணக்குச் செல்லாது. மிகுந்த பொருள் இணை கிடைக்காமல் நின்று பூச்சையே பலவீனமாக்கும். எனவே டப்பாவில் உள்ளது உள்ளபடி, முழுதாக, அளவு பிசகாமல் கலக்கப்பட்டது. முதலில் ஊறிப் பிடிக்கும் பிரைமர். அதன்மேல் சாம்பல்நிறப் பூச்சு. ஈரம் காயுமுன் குவார்ட்ஸ் மணல் தூவல். கார் நிற்கும் பகுதியில் மென்மணல், சுவரோரமாக அம்மா நடக்கும் மூன்றடி அகலத்தில் சற்றுப் பருமணல். மறுநாள் ஒட்டாத மணலைக் கூட்டியெடுத்து, வெயிலுக்கு மஞ்சளிக்காத பாலியூரித்தேன் மேற்பூச்சு. ஒரு நாள் கழித்து நடந்தோம். ஏழு நாள் கழித்துக் காரை ஏற்றினோம்.

அந்தத் தரையில் கூட்டுவது எளிதன்று. பருமணல் துடைப்பத்தைப் பிடித்து இழுக்கிறது. அழுக்குச் சேர்ந்தால் தென்னந்துடைப்பமும் தண்ணீரும் வேண்டியிருக்கிறது. வழுக்காமலிருப்பதற்குக் கொடுக்கும் விலை அது. 2024 ஐப்பசியில் மழை கொட்டியபோது கொப்புளம் எழவில்லை, உப்புப் பூக்கவில்லை. அம்மா ஈரத்தரையில் தடியை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கிணற்றடிக்குப் போனார்.

மேற்பூச்சு தேய்மானத்துக்கு உட்பட்டதே. சில ஆண்டுகளுக்கொரு முறை லேசாகத் தேய்த்து அதை மட்டும் புதுப்பிக்க வேண்டும் என்று பூசியவர்களே சொல்லிச் சென்றிருக்கிறார்கள். நாள்தோறும் செய்தது ஆண்டுகள் தள்ளிச் செய்வதாகியிருக்கிறது, அவ்வளவே. மெழுகியவர்கள் தரையை ஒவ்வொரு நாளும் கையால் தொட்டார்கள். எங்கே ஓதம், எங்கே பள்ளம் என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தொடுகை நின்றுபோன வீட்டில் பூச்சைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்கள் நிறத்தையும் ஆண்டுக் கணக்கையும் பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஓர் ஐப்பசி மாதமும் ஒன்றரை அடிப் பாலித்தீன் தாளும் போதும். தரை தன்னைப் பற்றித் தானே சொல்லிவிடும்.