தொரப்பாடி வாசலில்

ஜெயிலுக்குப் போனவன் ஒருவன் நம் தெருவுக்குத் திரும்பி வருகிறான் என்றால், நேயர்களே, நமக்கு முதலில் என்ன ஞாபகம் வருகிறது? கொல்லையில் கவிழ்த்து வைத்த பித்தளைத் தவலைதான்! அதை உள்ளே வைத்துத் தாழ்ப்பாளும் போட்ட பிறகுதான் மற்றப் பேச்சு. வருகிறவன் குடிகாரன் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் அவனுக்காகத் தாழ்ப்பாளைத் திறக்க வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள் அல்லவா?

திருவண்ணாமலையில், ரமணாசிரமத்துக்குச் சற்றுத் தள்ளிச் செங்கம் சாலையில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தேன். மகன் பெயின்ட் வேலைக்காரன். குடியும் கஞ்சாவுமாகச் சேர்ந்து அவனைத் திருட்டில் கொண்டுபோய் விட்டன. வேலூர் மத்திய சிறையில் தண்டனை முடிந்து அவன் வெளியே வந்த நாளைப் பற்றிச் சொன்னாள்.

"முந்தின ராத்திரியே போயிட்டேம்மா. விடியக்காலம் தொரப்பாடி வாசல்ல குந்திக்கினேன். அவன் கூட்டாளிங்க கண்ணுல படறதுக்கு முன்னாடி என் கண்ணுல படணுமில்ல?"

என்ன சாமர்த்தியம் பாருங்கள்! சிறையில் உழைத்த கூலி மடியில் இருக்கும். வாசலில் பழைய சிநேகிதன் நிற்பான். ஊர் வந்து சேர பஸ்ஸில் இரண்டு மணி நேரம். வழியில் டாஸ்மாக் கடைக்குப் பஞ்சமா என்ன?

அந்த முதல் சில நாட்கள்தான் பெரிய கண்டம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,237 பேரை ஆராய்ந்து 2007-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் சாகும் அபாயம் அங்குள்ள மற்ற ஜனங்களைவிட 12.7 மடங்கு! அளவு மீறிய போதை மருந்துதான் முதல் காரணம். உள்ளே இருந்த மாதங்களில் உடம்பு பழக்கத்தை மறந்துவிடுகிறது. கை மட்டும் பழைய அளவை மறப்பதில்லை. வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்ளும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். குடியிலும் பழைய அளவு தாங்காது.

இன்னொரு சங்கதி. 'குழம்பில் மாத்திரையைக் கலந்து கொடு, தன்னால் விட்டுவிடுவான்' என்று யாரோ அந்த அம்மாளுக்கு யோசனை சொன்னார்களாம். சகோதரிகளே, அதை மட்டும் செய்யாதீர்கள்! டைசல்ஃபிரம் என்ற மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவனுக்குத் தெரிந்து, அவன் சம்மதத்தோடு, டாக்டர் பார்வையில் கொடுக்க வேண்டிய மருந்து அது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற எண்ணுக்குப் பேசினால் காசில்லாமல் வழி சொல்கிறார்கள்.

குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணிதான் 1980-ல் சென்னையில் டி.டி.கே. ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவர். குடிப்பவனோடு அவன் குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசுவது அங்கே சிகிச்சையில் ஒரு பகுதி.

பூக்கார அம்மாளின் மகன் நான்கு மாதம் ஒழுங்காக இருந்தான். பிறகு ஒரு நாள் குடித்துவிட்டு வந்தான். அன்றிரவு சோறு போட்டாளாம். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாளாம். "திட்டலையா?" என்றேன். "திட்டினா ஜெயில்ல திருந்தியிருக்க மாட்டானா?" என்றாள்.

அவளுக்குப் பெரிய கவலை மகனில்லை, வீடு. 1924-ல் ரமணாசிரமத்தில் திருடர்கள் புகுந்து மகரிஷியையே அடித்தபோது, திருப்பி அடிக்கப் போன சீடரை அவர் தடுத்துவிட்டார். அந்தக் கதையைப் பெருமையோடு சொல்கிற ஊர்தான், தண்டனை முடித்தவனுக்கு வாடகைக்கு ஓர் அறை கொடுக்க யோசிக்கிறது!

இப்போது மேஸ்திரி வாரக் கூலியை, மகன் சம்மதத்தோடு, தாயாரிடமே கொடுத்துவிடுகிறார். வீட்டுக்காரர் தை மாதம் வரை தவணை கொடுத்திருக்கிறாராம்.