ஊருக்குப் போகுமுன்

தமிழகத்தில் கொரோனா நோய்க்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது எங்கள் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒருவரிடத்தில்தான். வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்த அவருக்கு நோய் இருப்பது 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7-ஆம் நாள் உறுதியாயிற்று. அவர் சென்னை இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, சில நாட்களிலேயே குணமடைந்து வீடு திரும்பினார். ஆனால் அதற்குள், கோயில்களாலும் பட்டாலும் பிறர் அறிந்திருந்த எங்கள் ஊரின் பெயர் நோயோடு சேர்த்துப் பேசப்படலாயிற்று. சொந்த ஊர் காஞ்சிபுரம் என்று நான் சொன்னதும், சிரித்துக்கொண்டே ஓரடி பின்வாங்கியவர்களைச் சென்னையில் கண்டேன்.

நோயைக் காட்டிலும், "உனக்கு நோய் இருக்கிறது" என்று பிறர் அறியச் சொல்லிவிடும் பரிசோதனைக்கே மக்கள் அதிகம் அஞ்சினர். அந்த ஆண்டுக் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்கியபோது அவ்வச்சம் எங்கள் குடும்பத்துக்குள்ளும் நுழைந்தது. அப்போது நாங்கள் கற்றுக்கொண்டது பிற குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்னும் எண்ணத்தால் இதனை எழுதுகிறேன்.

பணியின் பொருட்டு நான் மனைவி மக்களுடன் சென்னையில் வாழ்ந்து வருகிறேன். என் தாயார் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் அண்ணனுடன் இருந்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தாறு. நீரிழிவும் மூச்சிரைப்பும் உண்டு. அண்ணன் பட்டு நெசவாளர். நெசவாளர் வீட்டை அறிந்தவர்களுக்கு அதன் அமைப்பை விளக்க வேண்டியதில்லை. முன்கூடத்தின் பெரும்பகுதியைக் குழித்தறி பிடித்துக்கொள்ளும். எஞ்சிய இடத்தில்தான் உணவும் உறக்கமும் குடும்பச் செபமும். கோர்வைச் சேலையாயின் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமும் வைத்து, இரண்டையும் இழையோடு இழையாகக் கோத்து நெய்ய வேண்டும். அதற்கு ஒருவர் போதாது. கரையின் நாடாவை எறிய மற்றொருவர் அருகிலேயே அமர வேண்டும். எங்கள் வீட்டில் அண்ணியார் அமர்வார். இருவருக்குமிடையே ஒரு முழ இடைவெளிகூட இராது. ஆறடி தள்ளி நிற்கச் சொன்ன அறிவிப்புகள் எல்லாம் அத்தறிமேடையில் பொருளற்றுப் போயின. ஒருவர் நோயில் படுத்தால் மற்றவர் தப்ப இயலாது. இருவரும் படுத்தால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பும் நிற்கும்.

அந்த ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் தொடங்கிய பொது முடக்கத்தால் நெசவுத் தொழில் பெரிதும் நொடித்துப் போயிருந்தது. திருமணங்கள் ஐம்பது பேருடன் முடிந்த காலத்தில் பட்டுச் சேலைக்கு யார் வருவர்? தை மாத முகூர்த்தங்களை நம்பி மார்கழியில்தான் அண்ணனுக்கு ஒரு முழுப் பாவு கிடைத்திருந்தது. பொங்கலுக்கு முன் அதனை முடித்துக் கொடுத்தாக வேண்டும். இந்நிலையில்தான், "பெருவிழாவுக்கு எல்லாரும் வந்துவிடுங்கள்" என்று தாயாரிடமிருந்து அழைப்பு வந்தது.

பரிசோதனை செய்துகொண்டு வருகிறோம் என்று தொலைபேசியில் சொன்னேன். தாயாருக்கு அது வருத்தத்தைத் தந்தது. "பெற்ற தாயைப் பார்க்க வரும் பிள்ளைக்கு எதற்கப்பா சீட்டு? எனக்கு என்ன வந்தாலும் வரட்டும், நீங்கள் வாருங்கள்" என்றார். பிறகு அண்ணன் தனியே பேசினார். "தம்பி, பரிசோதனை செய்துகொள்வது நல்லதுதான். ஆனால் தெருவில் யாருக்கும் தெரிய வேண்டாம். உனக்கு இருந்தால் எங்களுக்கும் இருக்கும் என்று பேசுவார்கள். அடுத்த பாவு தருவதற்கு யோசிப்பார்கள்" என்றார்.

அவருடைய அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. நோய் கண்ட வீட்டின் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். சில இடங்களில் வாயிலைத் தகரத்தால் அடைத்தார்கள். நோயாளர் குணமடைந்த பிறகும் அக்கதவைப் பார்த்தவர்களின் நினைவு மாறவில்லை. அரசு அதிகாரிகள் சட்டப்படி தனியே ஆணையிட்டாலன்றி நோயாளர் வீடுகளில் அவ்வாறு ஒட்டலாகாது என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள்தான் தெளிவுபடுத்தியது. கதவில் ஒட்டிய தாளுக்கு அஞ்சியே காய்ச்சலை மறைத்தவர்கள் எத்தனையோ பேர்.

இனி, அப்பரிசோதனை எத்தகையது என்பதையும் காண்போம். மூக்கின் உட்பகுதியிலும் தொண்டையிலும் பஞ்சு சுற்றிய மெல்லிய குச்சியால் தொட்டெடுத்து, அதனை ஒரு திரவத்தில் இட்டுக் குளிர்ந்த பெட்டியில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவர். தமிழகத்தின் தொடக்ககாலப் பரிசோதனைகள் சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் நடந்தன. பின்னர் மாவட்டந்தோறும் ஆய்வுக்கூடங்கள் பெருகி, அந்த ஆண்டின் இறுதிக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பரிசோதனைகள் நடந்து முடிந்தன. விரைவில் முடிவு சொல்லும் எளிய முறைகள் வந்த பின்னரும், தமிழகம் அந்த ஆண்டு ஆர்.டி.பி.சி.ஆர். என்னும் நுட்பமான முறையையே பின்பற்றியது. அரசு நிலையங்களில் அது இலவசம். தனியார் கூடங்களில் முதலில் 4,500 ரூபாய் வரை பெறலாம் என்றிருந்தது. 2020 ஜூன் திங்களில் தமிழக அரசு அதனை 3,000 ரூபாயாகக் குறைத்தது.

இம்முறையில் கிருமியின் மரபுப்பொருளைப் படியெடுத்து, ஒன்றை இரண்டாக, இரண்டை நான்காகப் பெருக்கிக்கொண்டே போவார்கள். முப்பது சுற்றுகளில் ஒரு துணுக்கு நூறு கோடிக்கும் மேலாகிவிடும். ஆகவே மிகச் சிறிதளவு கிருமி இருந்தாலும் அது வெளிப்பட்டுவிடும். ஆயினும் குச்சி தொட்ட இடத்தில் கிருமி இருந்தால்தான் பெருக்குவதற்கு ஏதேனும் கிடைக்கும். தொற்றிய தொடக்க நாட்களில் அது அங்கே தென்படாமல் இருக்கக்கூடும். அமெரிக்க நாட்டின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தொற்றிய முதல் நாளில் இப்பரிசோதனையால் நோய் வெளிப்படுவதே இல்லை என்று கண்டார்கள். நான்காம் நாளில் நூற்றுக்கு 67 பேரை அது தவறவிடக்கூடும். ஐந்தாம் நாளில் 38 பேரையும், மிகச் சரியாகக் காட்டும் எட்டாம் நாளிலும் ஏறத்தாழ 20 பேரையும் தவறவிடக்கூடும் என்றும் மதிப்பிட்டார்கள். இக்கிருமியோ, காய்ச்சலும் இருமலும் தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பே பிறருக்குப் பரவத் தொடங்கிவிடுகிறது. காய்ச்சலே காணாதவரிடமிருந்தும் பரவுகிறது.

இதிலிருந்து தெளிவாவது என்ன? நேற்றுக் கடைத்தெருவில் கூட்டத்தில் நின்றுவிட்டு, இன்று பரிசோதனை செய்துகொண்டு, நாளை "இல்லை" என்னும் சீட்டோடு பேருந்து ஏறுவதால் பயன் சிறிதே. சீட்டு என்பது குச்சி மூக்கைத் தொட்ட நாளைப் பற்றிய செய்தி மட்டுமே. அதற்கு முன்னர்ச் சில நாள் ஒதுங்கியிருந்தால்தான் அதனை ஓரளவேனும் நம்பலாம். சோதித்த பின்னும் ஊர் சேரும் வரை அவ்வாறே ஒதுங்கியிருக்க வேண்டும்.

எங்களுக்கு அறிமுகமான மருத்துவர் ஒருவரிடம் நாங்கள் யோசனை கேட்டபோது, அவர் முதலில் ஒரு கேள்வியைக் கேட்டார்: "'இருக்கிறது' என்று வந்தால் என்ன செய்வீர்கள்?" நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "அதற்கு விடை தெரிந்த பிறகு வாருங்கள்" என்று சொல்லி அவர் எங்களை அனுப்பிவிட்டார். அன்றிரவு நாங்கள் நால்வரும் அமர்ந்து பேசினோம். ஒருவருக்கு இருந்தாலும் யாரும் போவதில்லை என்று முடிவு செய்தோம். அம்முடிவைச் சொல்வது எளிதாகவே இருந்தது. நால்வரும் நலமாக இருந்தோமல்லவா?

இறுதியாண்டு மாணவர்களுக்கு டிசம்பர் 7-ஆம் நாள் கல்லூரிகள் திறந்திருந்தன. எங்கள் மகன் 16-ஆம் நாள் புதன்கிழமை வரை சென்று வந்தான். மறுநாள் முதல் யாரும் வெளியே செல்லவில்லை. 21-ஆம் நாள் திங்கட்கிழமை பரிசோதனை செய்துகொண்டோம். மறுநாள் மாலை முடிவு வந்தது. மூவருக்கு இல்லை. மகனுக்கு இருந்தது.

அவனுக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, சோற்றின் மணமும் சுவையும்கூடக் குறையவில்லை. தனி அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டவன், "பாட்டியைப் பார்க்க முடியாமல் செய்தது நானா அம்மா?" என்று உள்ளிருந்தே கேட்டான். "நீ பாட்டியைக் காப்பாற்றியிருக்கிறாய்" என்று என் மனைவி கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். அச்சொல் அவனைத் தேற்றியதாகத் தெரியவில்லை.

தாயாரிடம் நானே சொன்னேன். அவர் அதற்குள் அதிரசத்துக்கு மாவு இடித்து வைத்திருந்தார். "பையனுக்குக் காய்ச்சல்கூட இல்லை என்கிறாயே" என்றார். பிறகு ஒன்றும் பேசவில்லை. பெருவிழாவன்று அண்ணன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, தறிக்கு அருகில் பிள்ளைகள் அமைத்திருந்த குடிலை எங்களுக்குக் காட்டினார். தாயார் பேச வரவில்லை. நாங்கள் நால்வரும் ஒரே வீட்டுக்குள் இரண்டு இடங்களில் இருந்து உணவு உண்டோம். புத்தாண்டு நாளில்தான் தாயாரின் குரலைக் கேட்டோம். "பையன் நன்றாகச் சாப்பிடுகிறானா?" என்பதே அவர் கேட்ட முதற்கேள்வி.

மகனுக்குக் கடைசிவரை ஒன்றும் நேரவில்லை. அண்ணன் பொங்கலுக்கு முன் பாவை முடித்துக் கொடுத்தார். தனித்திருக்கும் நாட்கள் முழுவதும் கழிந்த பின், சனவரித் திங்களின் பிற்பகுதியில் நாங்கள் ஊருக்குச் சென்றோம். மார்ச்சுத் திங்களில் முதியோர்க்குத் தடுப்பூசி தொடங்கியதும் தாயார் போட்டுக்கொண்டார். அதன்பின் இரண்டு பெருவிழாக்களை அவரோடு கொண்டாடும் பேறு கிடைத்தது. 2023-இல் முதுமையால் அவர் இறைவனடி சேர்ந்தார்.

அந்த டிசம்பரில் நாங்கள் போயிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஒன்றும் நேராமலும் இருந்திருக்கலாம். தாயாரை இழந்திருக்கவும் கூடும். நேராமற்போன தீங்குக்குச் சாட்சி ஏது? சென்று நோயைக் கொடுத்தவருக்கு வேதனை கண்முன் நிற்கும். செல்லாமலிருந்து காத்தவருக்கோ, இழந்த ஒரு பெருவிழாவும் தாயின் மனவருத்தமும் மட்டுமே கண்முன் நிற்கும். நன்றியை எதிர்பாராமல் செய்யவேண்டிய நன்மைகளுள் இதுவும் ஒன்று.

பழைய ஏற்பாட்டின் லேவியர் நூலை வாசித்தவர்கள் ஒன்றை நினைவுகூரலாம். தொழுநோய் என்று ஐயுறப்பட்டவரைக் குரு பார்த்தவுடனே தீர்ப்புச் சொல்லிவிடுவதில்லை. ஐயம் இருப்பின் ஏழு நாள் தனியே வைத்து மீண்டும் பார்ப்பார். தேவையானால் இன்னும் ஏழு நாள் காத்திருப்பார். ஒருமுறை பார்ப்பது போதாது, காலமும் சாட்சி சொல்ல வேண்டும் என்னும் அறிவு அக்காலத்திலேயே இருந்தது. ஆனால் நோய் உறுதியானவரை ஊருக்கு வெளியே தள்ளிய இழிவும் கூடவே இருந்தது. ஆண்டவர் அத்தகையோரைத் தொட்டுக் குணமாக்கினார். நாம் காத்திருத்தலை வைத்துக்கொண்டு இழிவை விட்டுவிட வேண்டும். அண்டை வீட்டில் ஒருவருக்கு நோய் என்று அறிந்தால், அவர் வாயிலில் பாலும் காய்கறியும் வைத்துவிட்டு வருவோம். பரிசோதனைக்கு அஞ்சாத தெரு அவ்வாறுதான் உருவாகும்.

உலக நலவாழ்வு நிறுவனம் கொரோனா நெருக்கடிநிலை முடிந்ததாக 2023 மே 5-ஆம் நாள் அறிவித்தது. கிருமியோ நம்மை விட்டு நீங்கிவிடவில்லை. விடுமுறைக் காலத்தில் நாம் ஊருக்கு எடுத்துச் செல்லக்கூடியது அது ஒன்று மட்டுமன்று; இளையோர்க்கு மூன்று நாள் தொல்லையாகக் கழியும் சளிக்காய்ச்சல், மூச்சிரைப்புள்ள முதியோர்க்கு உயிருக்கே தீங்காகலாம். எனவே பயணத்துக்கு முந்திய சில நாட்களேனும் கூட்டத்தைத் தவிர்ப்போம். காய்ச்சலோ இருமலோ இருப்பின் மருத்துவரைக் கண்டு, அவர் சொல்லும் பரிசோதனையைச் செய்துகொள்வோம். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் கருவியில் "இல்லை" என்று வந்தாலும், உடல்நலம் குன்றியிருக்கும்போது முதியோரின் கட்டிலருகே அமர வேண்டாம்.

யாவற்றிற்கும் மேலாக, பெட்டி கட்டுமுன் குடும்பமாக அமர்ந்து, அம்மருத்துவர் எங்களைக் கேட்ட கேள்வியைக் கேட்டுக்கொள்வோம். போகாமலிருக்கவும் மனம் ஒப்பியவர்களுக்குத்தான் பரிசோதனை பயன்படும். ஊரில் காத்திருக்கும் பெரியவர்களுக்கும் அம்முடிவை முன்னதாகவே பக்குவமாக எடுத்துச் சொல்லி வைப்போம். அதிரசத்துக்கு மாவு இடிப்பதற்கு முன்பே அவர்கள் அதை அறிந்திருந்தால், வருத்தம் சற்றே குறையும்.