தோட்டாவின் பொட்டு

கதைகளில் துப்பாக்கி 'டுமீல்' என்று வெடிப்பதோடு சரி. அதற்குமுன் தோட்டாவின் அடியில் ஒரு சின்னப் பொட்டு வெடித்தாக வேண்டும் என்பதை எழுதுகிறவர்களில் யார் நினைக்கிறோம்? 'பிரைமர்' என்று அதற்குப் பெயர். நம் பொட்டு வெடிக்கு அண்ணன் என்று சொல்லலாம். ஊசி இடித்ததும் அது பொறி தரும். பொறியில் மருந்து பற்றும்.

1866-ல் அமெரிக்காவின் பெர்டானும் இங்கிலாந்தின் பாக்ஸரும் ஆளுக்கொரு மாதிரி செய்தார்கள். வேடிக்கையைப் பாருங்கள், அமெரிக்கர்கள் பாக்ஸரைப் பிடித்துக்கொண்டார்கள். பெர்டான் ஐரோப்பாவில்தான் வேரூன்றினார். பாக்ஸர் தோட்டாவில் நடுவே ஒரு துவாரம். செலவான பொட்டை உள்ளிருந்து கம்பியால் தள்ளிவிடலாம். பெர்டானில் அந்த இடத்தில் பட்டடை முளைத்து நிற்கிறது. காலித் தோட்டாவை மறுபடி நிரப்புகிறவனுக்குத் தலைவலி.

பாட்டன் காலத்துப் பித்தளைத் தோட்டா இருக்கும். அந்த அளவுப் பொட்டு கடையில் இராது. அமெரிக்காவில் சிலர் குழியைக் கடைந்து, இன்று வழக்கத்திலுள்ள '209' பொட்டைப் பொருத்துகிறார்கள். அது கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலம். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பிடிப்பு இம்மி தளர்ந்தால் நெருப்புக் காற்று பின்பக்கமாய், சுடுகிறவன் கண்ணைத் தேடி வரும்.

நானாயிருந்தால் அந்தத் தோட்டாவைப் புளி போட்டுத் துலக்கி அலமாரியில் நிறுத்தி வைத்திருப்பேன்.