பாசியும் வளரட்டும்

தூய்மையின்மேல் நமக்குள்ள பற்று குருமடத்திலேயே வேரூன்றிவிட்டது. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் அதிபர் தந்தையின் பார்வை அங்கே வந்து நிற்கும். ஐம்பது வயதைக் கடந்த பின்னும் அப்பழக்கம் நம்மை விடவில்லை. அதுவே இரண்டு சிற்றுயிர்களின் சாவுக்குக் காரணமாயிற்று என்பதை ஒப்புக்கொள்ளவே இதனை எழுதுகிறோம்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம், இரும்பையைச் சேர்ந்த நம் பங்குச் சிறுவன் ஒருவன் விடுதியில் தங்கிப் படிக்கப் புறப்பட்டான். புறப்படுமுன் தன் தந்தையோடு வந்து, தான் வளர்த்துவந்த கண்ணாடி மீன்தொட்டியை நம்மிடம் ஒப்படைத்தான். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி. அதில் ஐந்து தங்கமீன்கள். சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் அவன் தந்தை வாங்கி வந்தவை. "லீவுக்கு வரும்போது பார்க்கிறேன் சாமி" என்று சொல்லிச் சென்றான்.

தொட்டியைக் கிழக்குச் சன்னலோரம் வைத்தோம். அதன் விளக்கை நாம் உறங்கச் செல்லும்வரை எரியவிட்டோம். மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் ஆசையோடு தீனி தூவினர். மூன்றாம் வாரம் கண்ணாடியில் பச்சை படர்ந்தது. நம் மனம் பொறுக்கவில்லை. சனிக்கிழமைதோறும் நீர் முழுவதையும் கொட்டிவிட்டு, கூழாங்கற்களை வெந்நீரில் அலசினோம். வடிகட்டியின் பஞ்சை வெளுக்கும்வரை பிழிந்தோம். புதுக் குழாய்நீரை நிரப்பினோம். ஆயினும் சில நாட்களில் பாசி மீண்டும் வந்துவிடும்.

ஜூலை மாதத்து ஞாயிறொன்றில், கோதுமை வயலில் முளைத்த களைகளைப் பற்றிய உவமை நற்செய்தி வாசகமாக அமைந்தது. களையைப் பறிக்கப் போய்க் கோதுமையையும் பிடுங்கிவிடாதீர்கள், அறுவடைவரை இரண்டும் வளரட்டும் என்று நிலத்தின் தலைவன் பணியாளரைத் தடுத்ததை விரிவாக எடுத்துரைத்தோம். திருப்பலி முடிந்து இல்லம் திரும்பினால், முந்தைய நாள் மாலை நாம் தேய்த்துக் கழுவிய தொட்டியில் இரண்டு மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. நீரோ பளிங்குபோல் தெளிந்திருந்தது.

விலங்கியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் காரணத்தை விளக்கினார். மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. கூழாங்கல்லிலும் பஞ்சிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டால் வரும் தீங்கு மிகக் குறைவு. பாசியோ அம்மோனியா, நைட்ரேட் ஆகிய இரண்டையும் உணவாகக் கொண்டு, பகலொளியில் நீருக்கு உயிர்வளியையும் தருகிறது. இந்த வேலையாட்கள் அனைவரையும் அழுக்கென்று கருதி நாம் வெளியேற்றிவிட்டோம். போதாக்குறைக்குக் குளோரின் கலந்த நீரையும் ஊற்றினோம்.

2024 பொங்கல் விடுமுறைக்குச் சிறுவன் வந்தான். தொட்டியின் முன் குனிந்து எண்ணினான். "ரெண்டு எங்கே சாமி?" என்றான். மறைக்காமல் சொன்னோம். அவன் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் நம்மை மிகவும் வருத்தியது.

மறுநாள் அவனும் அவன் பாட்டனாரும் நம்மை இரும்பை ஏரிக்கு அழைத்துச் சென்றனர். கரையோரக் கற்களில் பாசி வழுவழுப்பாகப் படிந்திருந்தது. குஞ்சு மீன்கள் கூட்டமாக வந்து அதனைக் கொறித்துக்கொண்டிருந்தன. "பாசி இல்லாத கல்லுல மீனு எதுக்கு சாமி வந்து நிக்கப்போவுது?" என்றார் பெரியவர். நூல்களில் நாம் தேடாத பாடம் அது.

இப்பாடத்தை முன்பே கற்றவர் ஒருவர் இலண்டனில் இருந்தார். இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியல் அறிஞர் 1849இல், ஏறத்தாழ நமது தொட்டியின் கொள்ளளவே உள்ள கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்களையும் நீர்ச்செடியையும் வைத்தார். நாளடைவில் இலைகள் அழுகின; பாசி படர்ந்து நீர் கலங்கிற்று. அவர் சில குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்றன, நீர் தெளிந்தது. தம் ஆய்வினை அடுத்த ஆண்டு வெளியிட்டார். இன்றைய வீட்டு மீன்தொட்டிகளுக்கு முன்னோடி அதுவே.

பாசியை ஏற்பது என்றால் தொட்டியைக் கவனியாது விட்டுவிடுவது அன்று. அளவுக்கு மீறிப் பெருகினால் இரவில் அதுவும் உயிர்வளியை உட்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவிக்கும். அத்தகைய பெருக்கத்திற்குக் காரணம் மிகுதியான ஒளியும் மிகுதியான தீனியுமே. அவ்விரண்டையும் கொடுத்தவர் நாமே அன்றோ! குற்றத்தை நம்மிடம் வைத்துக்கொண்டு பாசியைத் தண்டித்திருக்கிறோம்.

இப்போது தொட்டியைச் சன்னலிலிருந்து தள்ளி வைத்திருக்கிறோம். விளக்கு எட்டு மணி நேரத்திற்கு மேல் எரிவதில்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவே தீனி. வாரம் ஒருமுறை நீரில் நான்கில் ஒரு பங்கை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு நாள் திறந்த அண்டாவில் வைத்திருந்த நீரை ஊற்றுகிறோம். பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த அந்தப் பழைய நீரிலேயே அலசுகிறோம். "முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடைச்சாப் போதும் சாமி" என்பது சிறுவன் நமக்கிட்ட கட்டளை. மற்ற மூன்று பக்கங்களும் பாசிக்கு உரியவை.

அன்பார்ந்த வாசகர்களே, மாசு மறு இல்லாத வீடு வேண்டுமென்று நாம் ஓயாமல் தேய்க்கும் தேய்ப்பில், அவ்வீட்டில் வாழ்பவர்கள் மூச்சு விட முடிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. "தொட்டியைக் கழுவக் கூடாதா சாமி?" என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். அவர்களை அமரச்செய்து, பின்கண்ணாடிப் பசுமையை மீன்கள் கொறிப்பதைக் காட்டுகிறோம்.

கோடை விடுமுறைக்கு வந்த சிறுவன், நம்மிடம் பேசுவதற்கு முன்பே தொட்டியருகே சென்று எண்ணினான். மூன்றும் இருந்தன.