மாவு விற்ற குரல்

எங்கள் பாட்டிக்கு ஒரு வழக்கம். ரேடியோவில் யார் வணக்கம் சொன்னாலும், கையிலிருக்கும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் வணக்கம் சொல்வாள். நாங்கள் சிரிப்போம். "என்னடி சிரிப்பு? வீடு தேடி வந்து பேசுகிறவனுக்கு மரியாதை செய்ய வேண்டாமா?" என்பாள்.

இப்படிப்பட்ட பாட்டிமார்களை நம்பியே அமெரிக்காவில் ஒருவர் கவர்னராகியிருக்கிறார், தெரியுமோ உங்களுக்கு?

டபிள்யூ. லீ ஓ'டானியல் என்று பெயர். 1925-இல் டெக்ஸாஸ் மாகாணத்துக்கு வந்து ஒரு மாவு மில்லில் விற்பனை வேலை பார்த்தார். மில்லின் விளம்பரத்துக்காக ரேடியோவில் ஒரு பாட்டுக் கோஷ்டி வாசித்தது. அந்தப் பட்டிக்காட்டுச் சங்கீதம் முதலில் அவருக்குப் பிடிக்கவேயில்லை, நிறுத்திக்கூடப் பார்த்தார். பிறகு என்ன தோன்றிற்றோ, தாமே மைக் முன் உட்கார்ந்துவிட்டார்! 1935-இல் சொந்த மாவு, சொந்தக் கோஷ்டி.

மத்தியான வேளை. "பிஸ்கட்டை இப்படித் தள்ளுங்கள், அப்பா!" என்று ஒரு பெண் குரல் கேட்கும். (நம் டீக்கடை பிஸ்கட் அல்ல, சுடச்சுட, மெத்தென்றிருக்கும் ரொட்டி.) உடனே இவர் ஆரம்பிப்பார். தாயன்பு, தெய்வ பக்தி, நடுநடுவே மாவு. அடுப்படியில் நிற்கும் பெண்களுக்கு வேறென்ன வேண்டும்?

1938-இல், "நான் கவர்னர் தேர்தலுக்கு நிற்கட்டுமா?" என்று நேயர்களையே கேட்டார். நிற்கச் சொல்லி ஐம்பத்து நாலாயிரத்துக்கு மேல் கடிதங்கள் வந்ததாக அவரே அறிவித்தார். இதில் ஒரு வேடிக்கை: வாக்காளர் வரி கட்டாததால் அவருக்கே ஓட்டு இல்லை! ஊர் ஊராகக் கோஷ்டியோடு போனார். அவருடைய பிள்ளைகள் கூட்டத்துக்குள் சின்ன மாவுப் பீப்பாய்களை நீட்டிக் காசு சேர்த்தார்கள். முதியவர்களுக்கு மாதம் 30 டாலர் பென்ஷன் என்பதுதான் பெரிய வாக்குறுதி. வேலையில்லாத் திண்டாட்டம் தீராத காலம் அது. சுலபமாக ஜெயித்துவிட்டார்.

முப்பது டாலர் வந்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? பதவிக்கு வந்ததும், எல்லோருக்கும் என்றது ஏழைகளுக்கு மட்டும் என்று சுருங்கிற்று. அதற்குப் பணம் திரட்ட அவர் கொண்டுவந்த யோசனையோ, கொடுக்கல் வாங்கல் ஒவ்வொன்றின் மேலும் வரி. கடைசியில் அது மாவு வாங்குகிறவள் தலையில்தானே விடியும்? சட்டசபை ஒப்பவில்லை.

அந்த முப்பது டாலரை நம்பி வாடகைக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று விரல் விட்டு எண்ணியிருக்கக்கூடிய கிழவிகளை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. அவரோ ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கவர்னர் மாளிகையிலிருந்தே ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார். 1940-இல் மறுபடி நின்றார். மறுபடியும் ஜெயித்தார்!

பாட்டி இப்போது இல்லை. இருந்தால், "நீ யாருக்குப் போட்டிருப்பாய்?" என்று கேட்டிருப்பேன்.